சட்டத்தின் கண்ணில் நான் ஓர் இறக்குமதியாளர்



சென்ற மாதம் மாலை நடையின்போது ‘பி’ பிளாக் இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தினார். “சார், நீங்க பேங்க்ல இருந்தவர். பாண்டிச்சேரியில கார் எடுத்தா ரோடு டாக்ஸ்ல நிறைய மிச்சமாகுதாமே, எடுக்கலாமா?” என்று கேட்டார். “வேண்டாம் தம்பி” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும்தான், அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் நீண்ட வரலாறும் என்னுடைய சொந்த அசட்டுத்தனமும் இருக்கின்றன என்று தோன்றியது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லையில் பொருளுக்கு வரி வாங்குவது நமக்குப் புதிதல்ல. முதலாம் குலோத்துங்கனுக்கு (1070–1122) ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் வந்ததே அந்த வரியை நீக்கியதால்தான். ஒரு வரியை எடுத்ததற்காக ஓர் அரசனை ஒன்பது நூற்றாண்டுகள் நினைவில் வைத்திருக்கிறோம் என்றால், அந்த வரி மக்களை எவ்வளவு வருத்தியிருக்கும்! நம் பெருங்குடி சுங்கச்சாவடியில் 2021 ஆகஸ்ட் 30 அன்று வசூல் நின்றபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். மெட்ரோ ரயில் வேலைக்காகத்தான் நிறுத்தினார்கள் என்றாலும், அன்று நமக்கும் ஒரு குலோத்துங்கன் கிடைத்தது போலத்தான் இருந்தது.

இனி காருக்கு வருவோம். சுதந்திரத்துக்கு முன்பு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றன. இந்தியாவிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி இடம் என்று 1953-இல் முடிவானதும் இரண்டும் கடையைக் கட்டின. அதன்பின் முப்பது ஆண்டுகள் நமக்கு அம்பாசடர், ஃபியட், நம்மூர் ஸ்டாண்டர்டு, இவ்வளவுதான். 1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பம் கார் வாங்கலாம் என்ற எண்ணமே பிறந்தது.

எண்ணம் பிறந்ததும் கணக்கும் பிறந்தது. அப்போது ஒவ்வொரு மாநிலத்திலும் விற்பனை வரி ஒவ்வொரு விதம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரி, யூனியன் பிரதேசமான பிறகு தனக்கென்று ஒரு வரி விகிதம் வைத்துக்கொண்டது. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் போனால் அதே கார், அதே நிறம், குறைந்த விலை. யார்தான் போகமாட்டார்கள்?

வருமானம் கைநழுவுவதைக் கண்ட தமிழ்நாடு அரசு 1990-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உள்ளாட்சிப் பகுதிகளுக்குள் மோட்டார் வாகனங்கள் நுழைவதற்கான வரிச் சட்டம். மக்கள் வாயில் அது ‘என்ட்ரி டாக்ஸ்’. வெளியிலிருந்து ஒரு பொருள் ஓர் உள்ளாட்சிப் பகுதிக்குள் பயன்பாட்டுக்கோ விற்பனைக்கோ வந்தால் அதற்கு வரி போடும் அதிகாரத்தை, அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 52-ஆவது இனம் தந்திருந்தது. நம் பெருங்குடி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை ஒரு பேரூராட்சி. ஆகவே நம் ஊரே சட்டப்படி ஒரு தனி ‘உள்ளாட்சிப் பகுதி’.

பி.காம். படித்தவன் என்பதால் இந்தச் சட்டத்தின் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு காரின் விலை 3 லட்சம், அங்கே வரி 4 சதவீதம், இங்கே 12 சதவீதம் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அங்கே நீங்கள் கட்டியது 12,000. இங்கே வாங்கியிருந்தால் 36,000. அங்கே கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதி 24,000-ஐ நுழைவு வரியாகக் கட்ட வேண்டும். ஆகமொத்தம் எங்கே வாங்கினாலும் 36,000தான். பெட்ரோலும் ஒருநாள் லீவும் நம் கைச்செலவு.

அந்தச் சட்டத்தில் ஒரு சொல் உண்டு. மாநிலத்துக்கு வெளியேயிருந்து வாகனத்தை உள்ளே கொண்டுவருபவர் ‘இறக்குமதியாளர்’. கப்பலில் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. கோரிமேட்டைத் தாண்டி ஓட்டி வந்தாலே போதும்.

1999-இல் நானும் அந்தப் பட்டத்தைப் பெற்றேன்.

வங்கியில் ஊழியர் வாகனக் கடன் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹூண்டாய் சான்ட்ரோ வந்திருந்தது. புதுச்சேரியில் இருந்த என் மைத்துனர், “அத்திம்பேர், இங்கே எடுங்கோ, 18,000 ரூபாய் மிச்சம். என் விலாசத்தைக் கொடுத்துக்கலாம்” என்றார். எடுத்தேன். எங்கள் வீட்டு வாசலில் பி.ஒய். 01 என்று எண் போட்ட கார் நின்றது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? சான்ட்ரோ தயாரானதே ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில். இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே பிறந்த கார் புதுச்சேரிக்குப் போய், என்னால் ‘இறக்குமதி’ செய்யப்பட்டுப் பெருங்குடிக்கு வந்தது!

நான்கு மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் என் கடன் கோப்பு. “கடன் பத்திரத்தில் பெருங்குடி விலாசம். ஆர்.சி. புத்தகத்தில் பாண்டிச்சேரி விலாசம். இப்படி ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அந்தக் கோப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் தினசரி வேலை. இருபது வருஷ சர்வீஸில் நான் தலைகுனிந்து நின்றது அன்று ஒருநாள்தான்.

பிறகு நடந்தது வழக்கமான கதை. புதுச்சேரியில் தடையில்லாச் சான்று, இங்கே நுழைவு வரி, தாமதத்துக்கு அபராதம், தமிழ்நாட்டு வாகன வரி, புது எண் பலகை. நான்கு நாள் லீவு, மூன்று பஸ் பயணம். அங்கே கட்டிய வாகன வரியைத் திரும்பக் கேட்க எனக்கு முகமும் இல்லை, பொறுமையும் இல்லை. 18,000 மிச்சம் பிடிக்கப் போனவன் எல்லாம் சேர்த்து 27,000 செலவழித்தேன். என் சம்சாரம் அந்தக் கணக்கை இன்றும் மறக்கவில்லை.

என்னைப் போன்றவர்கள் கட்டிவிட்டுப் போனோம். பெரிய கார்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடல் தாண்டி வந்த காருக்கு மத்திய அரசு சுங்க வரி வாங்கியாகிவிட்டது, அதற்குமேல் மாநிலம் நுழைவு வரி கேட்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கேரள உயர் நீதிமன்றம் முன்பு இறக்குமதிக் கார்க்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்ததால் இங்கும் பலர் வழக்குப் போட்டார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2016 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், மாநிலங்கள் நுழைவு வரி விதிக்கலாம் என்றது. வெளி மாநிலப் பொருளுக்கும் உள்ளூர்ப் பொருளுக்கும் இடையே பாரபட்சம் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 2017 அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து வந்த பொருளானாலும் உள்ளாட்சிப் பகுதிக்குள் நுழைந்தால் நுழைவு வரி உண்டு என்றும் தீர்ப்பு வந்தது. துறைமுகத்தில் கட்டுவது நாட்டுக்குள் வருவதற்கு. ஊருக்குள் வருவதற்கான வரி வேறு. 2019 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது.

நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கார் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். 2021 ஜூலையில் அவர் மனு தள்ளுபடியாகி ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. வரி கட்டுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, தீர்ப்பில் தன்னைப் பற்றி எழுதிய வாசகங்களே மனதைப் புண்படுத்துகின்றன என்று அவர் மேல்முறையீடு செய்தார். அபராதத்துக்குத் தடை கிடைத்தது. 2022 ஜனவரியில் அந்த வாசகங்கள் நீக்கப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் மேனேஜர் அறைதான் ஞாபகம் வந்தது. பணம் போவதைவிட, நாம் வரி கட்டாதவர் என்று ஒருவர் சொல்வதுதான் அதிகம் உறுத்துகிறது. சான்ட்ரோவானாலும் சரி, ரோல்ஸ் ராய்ஸ் ஆனாலும் சரி.

இந்தச் சண்டையெல்லாம் நடக்கும்போதே அந்த வரி போய்விட்டது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, அதற்காகச் செய்த 101-ஆவது திருத்தத்தில் மாநிலப் பட்டியலின் 52-ஆவது இனமும் எடுக்கப்பட்டது. இன்று ஒரு காருக்கு ஜி.எஸ்.டி. புதுச்சேரியிலும் பெருங்குடியிலும் ஒரே விகிதம்.

அப்படியானால் ‘பி’ பிளாக் தம்பிக்கு யாரோ சொன்ன மிச்சம் எங்கிருந்து வருகிறது? ஆயுட்கால வாகன வரியிலிருந்து. அது இன்னமும் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் அது உயர்ந்தது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 12 லட்ச ரூபாய்க் காருக்கு 2,16,000. வலிக்கத்தான் செய்யும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவைப் படியுங்கள். உங்கள் வீடோ தொழிலோ இருந்து, வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுகிறதோ, அந்த மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வண்டி இரவில் தூங்கும் இடம்தான் அதன் ஊர். 47-ஆவது பிரிவில் 12 மாத அவகாசம் இருக்கிறதே என்பார்கள். அது வேறு மாநிலத்தில் உண்மையாகவே பதிவான வண்டி இங்கே வந்து தங்குவதற்கு. இங்கேயே குடியிருப்பவர் மைத்துனர் விலாசத்தைக் கொடுப்பதற்கு அல்ல. பொய்யான தகவல் தந்து பதிவு செய்தது தெரிந்தால் 55-ஆவது பிரிவின்படி பதிவையே ரத்து செய்யலாம். 2017-இல் கேரளத்துத் திரைப் பிரபலங்கள் சிலரின் புதுச்சேரி எண் கார்கள் விசாரணைக்கு வந்ததையும் மறக்க வேண்டாம்.

நேர்மையான வழி ஒன்று உண்டு. 2021-இல் வந்த பி.எச். வரிசை எண். அரசு, பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் கேட்கலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டினால் போதும்.  வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: துபாய், அமெரிக்கக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்க ஸ்டியரிங் இல்லாத காரை இங்கே இறக்குமதி செய்ய அனுமதி இல்லை. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அந்த சான்ட்ரோவை 2013 வரை ஓட்டினேன். நல்ல வண்டி. என் பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் அதில்தான். ஆனால் அதன் முதல் எண் பலகையை மட்டும் யாரிடமும் காட்டியதில்லை. இன்றும் பரணில் கிடக்கிறது. ‘பி’ பிளாக் தம்பி விரும்பினால் ஒருநாள் வந்து பார்க்கலாம். காபி உண்டு.