நூறு மீட்டர் வட்டத்துக்குள்

மாமல்லபுரத்தில் ஒரு மனையை விலை பேசுகிறவர் தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து இது எத்தனை மீட்டர்? நூறுக்குள் என்றால் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை, அனுமதி வாங்கிக் கட்டலாம்.

கர்சன் பிரபு காலத்து 1904-ஆம் ஆண்டு நினைவுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சரி, இந்த எண்கள் இல்லை. 1992 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கையில்தான் அவை வந்தன. அதன் பிறகும், வல்லுநர் குழு ஒன்றின் பரிந்துரையின் பேரில் நூறு மீட்டருக்குள் சிலருக்கு அனுமதி கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழுவுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 2010-இல் சட்டத்தையே திருத்தி, இரு எல்லைகளையும் அதற்குள் எழுதிவைத்தது. தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தையும் அமைத்தது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அளவை தொடங்குவது பாதுகாக்கப்பட்ட பரப்பின் விளிம்பிலிருந்து. ஒரே ஒரு கல்வெட்டுப் பாறைதான் சின்னம் என்றாலும், அதைச் சுற்றி நூறு மீட்டர் என்பது ஏறத்தாழ 7.75 ஏக்கர்; முந்நூறு மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 70 ஏக்கர். குடைவரைகளும் ரதங்களும் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும் மாமல்லபுரத்தில் இந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கும், வயல் நடுவே தனித்து நிற்கும் கல்வட்டத்துக்கும் அளவு ஒன்றே. அளவுநாடாவுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது என்பது இதிலுள்ள நன்மை. 1992-க்கு முன்பே இருந்த வீடுகளைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே மரபுத் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சட்டத்திலேயே பதிந்துவிட்ட நூறு மீட்டரைத் துணைவிதியால் குறைக்க முடியாது.

வட்டத்துக்கு வெளியே நிலைமை தலைகீழ். சென்னை அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் மத்திய அரசின் பட்டியலில் இல்லை. 2006-இல் அதன் உடைமையாளரான பொதுத்துறை நிறுவனமே இடிக்கத் தொடங்கியது. மரபுப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுக்க, 2010-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புதான் அதைக் காத்தது. திட்ட அனுமதி தரும் அலுவலகத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி அது.

காப்பதால் வரும் நட்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே என் வினா. நியூயார்க் இதற்கு ஒரு வழி கண்டது. பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963-இல் இடிபடத் தொடங்கியதில் எழுந்த ஆத்திரத்தால், 1965-இல் அந்நகரம் மரபுச் சின்னச் சட்டம் இயற்றியது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் 50 மாடிகளுக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்ப, அதன் உடைமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம் 1968-இல் கட்டடக் கலைஞர் மார்செல் பிரயரின் வரைபடங்களைக் கொண்டுவந்தது. மரபுச் சின்ன ஆணையம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரம் வென்றது. நிலையம் முன்போலவே இயங்கி வருவாய் ஈட்டுகிறது. மேலே கட்டாமல் விட்ட உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது. எனவே சொத்து பறிக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது என்றார் நீதிபதி பிரென்னன். மாற்றித் தந்த அந்த உரிமை முழு இழப்பையும் ஈடுகட்டுமா என்பது வேறு விவாதம். ஆனால் உடைமையாளர் வெறுங்கையோடு திரும்பவில்லை.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. மும்பை 1995-இல் கொண்டுவந்த மரபுக் கட்டட விதிகள் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்து, வளர்ச்சி உரிமையை வேறிடத்துக்கு மாற்றவும் இடம் தந்தன. மத்தியச் சட்டத்தில் மட்டும் அந்தக் கதவு இல்லை. 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா, நூறு மீட்டர் தடைப் பகுதிக்குள் மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு வழிவிட முயன்றது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. காலி மனையை வைத்துக்கொண்டு ஒரு வீடு கட்டக் காத்திருப்பவரைப் பற்றி அந்த மசோதாவில் ஒரு வரியும் இல்லை.