நைட்ரஜனை எண்ணி ஏமாந்த கதை

பால் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கெல்டால் குடுவை மறக்காது. அடர் கந்தக அமிலத்தில் பாலைக் கொதிக்கவிடுவோம். கரியாகக் கறுக்கும், புகை தொண்டையைப் பிடிக்கும். மணிக்கணக்கில் காய்ந்து தெளிந்ததும் காரம் சேர்த்து வடித்து, வரும் அம்மோனியாவை அளப்போம். அதிலிருந்து கிடைக்கும் நைட்ரஜனை 6.38ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு முடிந்தது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் தந்த முறை இது. பீர் காய்ச்சும் தானியத்துக்காகப் பிறந்து, பாலுக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் அது புரதத்தைப் பார்க்காது, நைட்ரஜனைத்தான் எண்ணும். அந்த ஓட்டையைச் சீனாவில் சிலர் பிடித்துக்கொண்டார்கள். தட்டும் கிண்ணமும் செய்யப் பயன்படும் மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்தால், காகிதத்தில் புரதம் ஏறிவிடும். 2008 செப்டம்பரில் சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்பவுடர் விவகாரம் வெடித்தது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குச் சிறுநீரகத்தில் கல். 6 குழந்தைகள் இறந்ததாக அரசே சொன்னது. கணக்குச் சரியாக இருந்த பாலைக் குடித்துத்தான் அந்தப் பிள்ளைகள் செத்தன. இன்றும் என்னால் அதை ஆறிய செய்தியாகப் படிக்க முடியவில்லை.

குறிப்பிட்ட பொருளையே தேடும் கருவிக்கான வழி முன்பே திறந்திருந்தது. அமெரிக்காவின் லீலண்ட் கிளார்க், 1962இல், ஆக்ஸிஜன் அளக்கும் மின்முனையோடு ஒரு நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை அளக்கும் யோசனையை முன்வைத்தார். உயிரி உணரிகளின் தொடக்கம் அதுதான். பின்னர், நொதிக்குப் பதிலாக எதிர்ப்பொருளைக் கொண்டு இயங்கும், கைக்குள் அடங்கும் ஸ்ட்ரிப்பும் வந்தது.

மெலமைன் ஸ்ட்ரிப்பில் சில சொட்டுப் பால் விட்டுச் சில நிமிடம் பொறுத்தால் போதும். பால் சுத்தமென்றால் இரண்டு கோடுகள் தெரியும். மெலமைன் இருந்தால் அது எதிர்ப்பொருளை முந்திப் பிடித்துக்கொள்வதால் சோதனைக்கோடு தோன்றாது. முதன்முதலாகப் பார்ப்பவர் கோடு வந்தால்தான் கெடுதல் என்று நினைப்பார்; இங்கே தலைகீழ்.

இது சந்தேகத்தைச் சொல்லும் கருவிதான். வழக்குப் போட, ஆய்வுக்கூடத்தின் நிறமாலைமானி முடிவு வேண்டும். ஆனால் சீனாவில் கலப்படம் நடந்தது பெரும்பாலும் ஆலைக்கு முன்னால், பால் சேகரிக்கும் இடங்களில். எனவே நம் பால் சங்கங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: டேங்கரில் ஊற்றிக் கலந்தபின் சோதிக்காதீர்கள், கேனிலேயே சோதியுங்கள்.