மேட்டூர் அணையும் கேட்கப்படாத பங்காளிகளும்

காவிரிப் பிணக்கு இரு அரசுகளின் வழக்காகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் ஆறு என்பது தன் வடிநிலத்தில் வாழ்வோர் அனைவரையும் ஒருவரோடொருவர் பிணைப்பதாகும். அவர்களுள் யார் பேச்சுக்கு அழைக்கப்பட்டனர், யார் அழைக்கப்படவில்லை என்பதை மேட்டூரின் வரலாறு தெளிவாக்குகிறது.

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் முதன்முதலாக 1892இல் உடன்பாடு கண்டன. கண்ணம்பாடியில் மைசூர் அணை கட்ட முற்பட்டபோது எழுந்த பூசல், நடுவர் தீர்ப்பாலும் தணியாமல், 1924 பிப்ரவரி 18இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் முடிவுற்றது. கண்ணம்பாடியில் ஏறத்தாழ 44.8 டி.எம்.சி.யும் மேட்டூரில் 93.5 டி.எம்.சி.யும் தேக்க அது வழிவகுத்தது. 1925இல் தொடங்கிய மேட்டூர்ப் பணி நிறைவுற்று, 1934 ஆகஸ்டு 21இல் ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்து வைத்தார். கையொப்பமிட்டவை இரு அரசுகளே. உழவரோ ஊராரோ அதில் தரப்பினர் அல்லர்.

தேங்கிய நீரினுள் ஊர்கள் பல மூழ்கின. நீர்மட்டம் தாழும் காலங்களில் பண்ணவாடிப் பகுதியில் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் கோபுரமும் இன்றும் வெளிப்படுகின்றன. இரு சமயத்தாரும் ஒருங்கே இழந்தமைக்கு அவையே சான்று.

அணையின் அடிவாரத்தாருக்கும் நீர் எளிதில் கிட்டவில்லை. டெல்டாவுக்கு ஜூன் 12இல் நீர் திறப்பது மரபு. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு நீர் தரும் கிழக்கு, மேற்குக் கால்வாய்களோ விடுதலைக்குப் பின் அமைந்தவை. அவற்றிற்கு ஆகஸ்டு முதல் டிசம்பர் நடுப்பகுதி வரையே தண்ணீர் விடுவது வழக்கம். உபரிநீரால் சேலம் மாவட்டத்தின் நூறு வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்திற்கு 2020இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது.

1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. அதன் 1991ஆம் ஆண்டு இடைக்கால ஆணையைத் தொடர்ந்து பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. சட்டத்தின் தீர்ப்பு மட்டும் அண்டை வீட்டாரை நண்பராக்குவதில்லை என்பதை அந்நாட்கள் உணர்த்தின. 2003இல் இரு மாநில உழவரும் கூடிக் ‘காவிரிக் குடும்பம்’ என்னும் அமைப்பை நிறுவினர். ஒருவர் வயலை மற்றவர் சென்று கண்டனர். பற்றாக்குறை ஆண்டில் துன்பத்தைப் பகிர்வது எவ்வாறு என ஆராய்ந்தனர். அவர்தம் முடிவுகளுக்குச் சட்ட வலிமை இல்லை. எனினும், எதிர்த்தரப்பாரின் வறட்சியை நேரிற் கண்டவர் பேச்சில் கடுமை குறைந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 2018இல் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. அது அலுவலரால் ஆனது. உழவர்க்கென இருக்கை அதில் இல்லை. நீரின் அளவை அது பங்கிடலாம். ஆனால் நீர்ப்பிடிப்புக் காடு, ஆற்று மணல், ஆலைக்கழிவு ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பு பல துறைகளிடையே சிதறிக் கிடக்கிறது. அவற்றை அன்றாடம் காண்போர் கரையில் வாழ்வோரே. அவர்களையும் அலுவலரையும் ஓரிடத்தில் அமரச்செய்யும் நிலையான ஏற்பாடு இன்றியமையாதது. எல்லைக்கு இருபுறமும் சபைகளைப் பெற்றுள்ள நாம், அவ்வமர்வுக்கு இடமளிக்க முன்வருவோமா என்பது எண்ணத்தக்கதாகும்.