ஒன்பது பொதிச் சரக்கும் ஒரு பெயரும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்குள் நம் சென்னை ஒளிந்திருக்கிறது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். சொந்த வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். முறைகேட்டுப் புகார்களால் பதவி இழந்தவர். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு ஏற்றியனுப்ப வேண்டும் என்னும் ஆணை அவர் காலத்துக் கோட்டை ஆவணங்களில் உள்ளது.

1718இல், பொருளின்றித் தவித்த கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்காகப் பாதிரியார் காட்டன் மாதர் அவருக்கு மடல் எழுதினார். கல்லூரிக்கு உங்கள் பெயரைச் சூட்டினால் அது மக்கட்பேற்றினும் மேலான நினைவாகும் என்பது மடலின் சாரம். யேல் அனுப்பியவை ஒன்பது பொதிச் சரக்கு, 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியம். பொதிகளில் காலிக்கோ, மஸ்லின் துணிகளும் இருந்தன. சரக்கு ஏறக்குறைய 562 பவுண்டுக்கு விலைபோனது. பெயர் நிலைத்துவிட்டது.

முதலைத் தொடாமல் விளைவைச் செலவிடுவதே அறக்கட்டளை. நந்தாவிளக்குக்கு விடப்பட்ட 'சாவா மூவாப் பேராடு'களை நம் கல்வெட்டுகளில் கண்டவர்களுக்கு இது புதிதன்று. 1985 முதல் 2021 வரை டேவிட் ஸ்வென்சன் பேணி வளர்த்த யேலின் மூலநிதி, 2024 சூனில் 4,140 கோடி டாலரை எட்டியிருந்தது. அதன் ஈட்டத்தில் அரசும் பங்கு கேட்கிறது: 2017இல் விதிக்கப்பட்ட 1.4 விழுக்காட்டு வரி, 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருஞ்செல்வப் பல்கலைக்கழகங்களுக்கு 8 விழுக்காடு வரை உயர்ந்தது.

கொடுத்தவரின் குரல் எவ்வளவு ஓங்கும் என்பதற்கும் யேலே சான்று. மேலை நாகரிகப் பாடத்திட்டத்துக்காக லீ பாஸ் என்னும் செல்வர் 1991இல் 2 கோடி டாலர் வழங்கினார். அத்திட்டத்துக்கான பேராசிரியர்களுக்குத் தம் ஒப்புதல் வேண்டும் என்றார். பல்கலைக்கழகம் இணங்காது, 1995இல் பணத்தைத் திருப்பியளித்தது. ஆசிரியர் தேர்வை விலைபேச மறுத்த அச்செயல் போற்றத்தக்கதே.

ஆயினும், கொடுத்தவருக்கு நான்கே ஆண்டுகளில் பணம் திரும்பியது. அடிமை முறையோடு தன் தொடக்ககாலத் தலைவர்களுக்கும் புரவலர்களுக்கும் இருந்த தொடர்புக்காக யேல் மன்னிப்புக் கேட்டது 2024 பிப்ரவரியில். பெயர் சூட்டி முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்.

அறக்கட்டளைப் பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கும். பெறுபவர் பெயரும் இருக்கும். அச்செல்வம் யாரிடமிருந்து திரட்டப்பட்டதோ அவர்களுக்கு அதில் ஒரு வரியும் இராது. சென்னைக் கரையில் கப்பலேற்றப்பட்ட அடிமைகளின் பெயர்களை எந்தக் கட்டடமும் தாங்கவில்லை. மூலநிதியின் அரசியல், அதைச் செலவிடும்போது தொடங்குவதன்று, ஈட்டும்போதே தொடங்கிவிடுகிறது.