ரிசார்ட் புக் பண்ணப் போறீங்களா? முதலில் பருவமழையைப் பாருங்கள்

பெட்டாலிங் ஜெயா: ஆண்டு இறுதி விடுமுறைக்குப் படத்தை மட்டும் பார்த்து ரிசார்ட் எடுத்தால், கட்டிய பணம் மழையோடு போய்விடலாம்.

எந்தக் கடற்கரை?
வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும். அப்போது கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான ரிசார்ட்டுகள் மூடப்படும். மேற்கே லங்காவிக்கு டிசம்பரிலிருந்து நல்ல காலம். தாய்லாந்திலும் இப்படித்தான்: நவம்பரில் கோ சாமுயில் கனமழை; டிசம்பரில் புக்கெட்டில் வெயில்.

அப்பா அம்மாவும் கூட வர்றாங்களா?
ஜார்ஜ்டவுன், மலாக்கா இரண்டும் 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலங்கள். அங்குள்ள பூட்டிக் ஹோட்டல்கள் பல, பழைய கடைவீடுகள். லிஃப்ட் இல்லாமல் இருக்கலாம், படிக்கட்டும் செங்குத்து. சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. கீழ்த்தள அறை கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள்.

மொத்தம் எவ்வளவு?
காட்டும் விலையில் 8 விழுக்காடு சேவை வரி சேர்ந்துள்ளதா எனப் பாருங்கள். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வெளிநாட்டினருக்கு மட்டுமே. மைகார்ட் காட்டினால் போதும்.

படகு ஓடலைன்னா?
பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். உள்நாட்டு விடுதியோடு தகராறு வந்தால், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். அங்கே அந்தக் கடிதம்தான் பேசும்.