பிரட்டுத் தப்பும் கையடக்கத் தொலைபேசியும்: மலையகத்தில் விளையாட்டுக் கருவிகளின் வரலாறு பற்றிய சில அவதானிப்புகள்

கையடக்கத் தொலைபேசியானது தனி விளையாட்டுப் பொறிகளை இறுதியில் வழக்கொழித்துவிடுமா என்னும் வினா கைத்தொழில் வளர்ச்சியுற்ற நாடுகளிலே அடிக்கடி எழுப்பப்படுகின்றது. தனி விளையாட்டுப் பொறி என நாம் இங்கு குறிப்பது, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவியை. எமது பேச்சுவழக்கில் அது ‘டிவி கேம்’. வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் திரைகளின் தெளிவையும் ஒப்பிட்டே விடை காண முயல்கின்றனர். கருவிகள் தம்முள் மோதி ஒன்றையொன்று வெல்வதாகக் கொள்ளும் இந்நோக்கு, அவற்றை வாங்குவோரின் கூலியையும், வைப்பதற்குரிய அறையையும், ஆடுவதற்குரிய நேரத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றினூடாக அணுகுமிடத்து இவ்வினாவின் உருவமே மாறிவிடுகின்றது.

விளையாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட கருவி தோட்டத்திலே நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. இதற்குத் தக்க சான்று தப்பு. விடியுமுன் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பொலியே. பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, மலை பிரித்து, வேலைக்கு அனுப்பினர். அதே தப்புத்தான் மாசி மாதத்தில் காமன் பொட்டலிலும் முழங்கிற்று. காமன் நட்டது முதல் மன்மதன் எரிந்து ரதி புலம்பும் இரவு வரை, பகலில் கவ்வாத்து வெட்டியவர்களே வேடமேற்றனர். பார்த்திருந்தோரும் மறுநாட் காலை கூடை சுமக்க வேண்டியவர்களே. அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கூத்தும் இவ்வாறே நிகழ்ந்தன. உழைப்பின் ஒழுங்கை அறிவித்த கருவியே அவ்வொழுங்கு சற்றுத் தளர்ந்த இரவுகளின் கருவியுமாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களை வாசிப்போர்க்கும் இவ்வுண்மை புலனாகும். வேலையும் கேலியும் ஏக்கமும் அங்கு ஒரே வாயிலிருந்து பிறக்கின்றன.

கூத்தை வானொலியும் சினிமாவும் அழித்தன என்று சொல்லிவிடுவது எளிது. நாம் இதனை முழுமையாக ஏற்பதற்கில்லை. காமன் கூத்து இன்றும் பல தோட்டங்களில் ஆடப்பட்டு வருகின்றது. அது நலிந்த இடங்களில், நலிவுக்கு வேறு காரணங்களையும் தேட வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. அதன்படி குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலேறின. கூத்து என்பது தனியாள் கலையன்று; பாடுவோனும் அடிப்போனும் ஆடுவோனும் ஓரிடத்து வாழ்தல் வேண்டும். அக்கூட்டு உடைந்த தோட்டங்களில் வானொலி எதையும் வெல்ல வேண்டியிருக்கவில்லை. வெறுமையான இடத்திலேயே அது வந்தமர்ந்தது. ஒரு கருவி இன்னொன்றின் இடத்தைப் பிடித்தது என்று கூறுமுன், அவ்விடம் எவ்வாறு காலியாயிற்று என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமை.

அடுத்து அறையை நோக்குவோம். தனி விளையாட்டுப் பொறி ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை முன்னூகிக்கின்றது: வரவேற்பறை, அதில் சில மணிநேரம் வேறெவருக்கும் தேவைப்படாத தொலைக்காட்சிப் பெட்டி, தடைப்படாத மின்சாரம், பள்ளி விட்டுவந்து ஓய்ந்திருக்கும் பிள்ளை. இது நகரத்து மத்தியதர வர்க்கத் தனிக்குடும்பத்தின் வீடு. லயக் காம்பராவோ ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சமையலும் உறக்கமும் படிப்பும் பிரசவமும் மரணமும் அதற்குள்ளேயே. மின்சாரமும் நீண்ட காலம் அங்கு எட்டவில்லை.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. ஆயினும் தோட்டத்தில் தொலைக்காட்சி முதலில் கூட்டுடைமை போன்றே இயங்கிற்று. பெட்டியையும் ‘டெக்’கையும் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, விடிய விடியப் படம் பார்த்த இரவுகளைப் பலர் நினைவுகூர்வர். காமன் பொட்டலின் சாயல் அவ்விரவுகளில் இருந்தது என்று கூறினால் அது மிகையாகாது. இன்னொன்றையும் இவ்விடத்துச் சொல்ல வேண்டும். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் மலையகத் தமிழரின் உடைமைகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. வீட்டுப் பொருள் சேர்ப்பது பாதுகாப்பானதா என்ற ஐயம் எமது பெற்றோர் தலைமுறைக்குத் தத்துவப் பிரச்சினையாக இருக்கவில்லை.

யப்பானில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட வீட்டுப் பொறியின் மலிவான போலிகள் பின்னர் தெற்காசியச் சந்தைகளெங்கும் பரவின. அவை நகரத்துக் கடைக்காரர், உத்தியோகத்தர் வீடுகளை அடைந்தன. லயத்துப் பிள்ளை அவற்றை யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தது. சற்று வசதியுற்ற தோட்ட வீடுகளுக்கு வந்தது, உள்ளங்கையளவான செங்கல் அடுக்கும் விளையாட்டுப் பெட்டி மட்டுமே. விலையைக் கணித்துப் பார்ப்போம். சோனி நிறுவனம் 2020இன் இறுதியில் வெளியிட்ட ஐந்தாவது பிளேஸ்டேஷனின் அப்போதைய அமெரிக்க விலை ஏறத்தாழ 500 டொலராக இருந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 1000 ரூபாவானது 2021இலேயே. டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அக்காலத்தில், தீர்வைகள் நீங்கலாகவே, அப்பொறி நூறு நாட் கூலிக்குச் சமம். 2022இன் நெருக்கடியில் டொலர் 360 ரூபா அளவை எட்டியபோது அது நூற்றெண்பது நாட் கூலியாயிற்று. அந்த நூறு நாட்களும் உண்ணாமலிருந்து, குறிக்கப்பட்ட கிலோவை நாள்தோறும் பறித்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

தொலைபேசி விளையாட்டுக் கருவியாக வரவில்லை. கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகளுடனும், மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற தாயுடனும் பேசுவதற்காகவே அது காம்பராவுக்குள் நுழைந்தது. தோட்டக் கூலி போதாமையால் உழைப்பு சிதறியது. சிதறிய குடும்பத்தை இணைக்கும் கயிறாகத் தொலைபேசி வந்தது. 2020இல் கொவிட் நோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் அதன் வழியே வரும் என்றானது. கடன்பட்டுத் திறன்பேசி வாங்கிய குடும்பங்கள் உண்டு. அலைவரிசை தேடி மலையுச்சி ஏறிய பிள்ளைகளும் உண்டு. பாடத்துக்கென வாங்கிய கருவி மாலையில் ஆட்டத்துக்குமாயிற்று. இது ஒழுக்கக்கேடு என்று வருந்தும் பெரியோர், பிரட்டுத் தப்பு மாசியில் என்ன செய்தது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆகவே தோட்டத்தைப் பொறுத்தவரை, தொலைபேசி விளையாட்டுப் பொறியை வெளியேற்றவில்லை. வெளியேற்றுவதற்கு அங்கே பொறி இருக்கவில்லை. செல்வந்த நாடுகளில் நிகழ்ந்ததும் முழுமையான இடப்பெயர்ப்பன்று. அங்கு தொலைபேசி ஒடுக்கியது சட்டைப்பையில் கொண்டுதிரிந்த தனி விளையாட்டுக் கருவிகளையே. சோனி 2011இல் வெளியிட்ட வீட்டா என்னும் கைக்கருவியின் உற்பத்தி 2019இல் நின்றது. நின்டெண்டோ 2017இல் கையிலும் தொலைக்காட்சியிலும் ஆடத்தக்க ஸ்விட்ச்சை வெளியிட்டது. அது 15 கோடிக்கு மேல் விற்றது. வரவேற்பறை உள்ள வர்க்கம் உள்ளவரை வரவேற்பறைப் பொறிக்கும் வாழ்வுண்டு என்பதே எமது கணிப்பு.

எமது கவலை வேறு. வீட்டுப் பொறி ஒரு பண்டம்; விலை கொடுத்தால் அது உடைமை. தொலைபேசியில் ஆடப்படும் ‘ஃப்ரீ ஃபயர்’, ‘பப்ஜி’ போன்றவை இலவசமாக வந்து, பின்னர் ஆடையாகவும் ஆயுத அலங்காரமாகவும் சிறுசிறு விற்பனையிலே பணம் ஈட்டுகின்றன. அதற்கு முன்னரே ‘டேட்டா’வுக்கு ரீலோட் வேண்டும். காசு தீர்ந்தால் தொலைபேசிக் கம்பனி சிறுகடன் தரும். அடுத்த ரீலோட்டில் கழித்துக்கொள்ளும். இதனைக் கேட்கையில் 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறை நினைவுக்கு வருகின்றது. முற்பணம் பெற்ற தொழிலாளியின் கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டு, அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே அவர் மாற முடிந்த காலம் அது. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. துண்டு மனிதரைக் கட்டிற்று. இது நேரத்தையும் சில்லறையையும் கட்டுகின்றது.

1974இல் ரேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சி பற்றிய தமது நூலில், இடம்பெயர்ந்து திரிதலும் தன்னிறைவான வீட்டினுள் ஒடுங்குதலும் ஒருங்கே வளர்வதை நவீன நகர வாழ்வின் இயல்பாகக் கண்டார். தொலைபேசி இப்போக்கின் உச்சம் என்று கூறுவோர் உளர். லயத்தில் நாம் கண்டது அதற்கு முற்றாகப் பொருந்தவில்லை. மாலை ஆறு மணியளவில் இஸ்தோப்பிலே ஒரே தொலைபேசியைச் சுற்றி நான்கு பிள்ளைகள். ஒருவன் ஆடுகின்றான், மூவர் கத்தி வழிகாட்டுகின்றனர், தோற்றால் கை மாறுகின்றது. அழைப்பு வந்தால் ஆட்டம் நிற்கும். அன்று அழைத்தது ஒரு பிள்ளையின் தாய், குவைத்திலிருந்து.