எந்தச் சிறையில் இருக்கிறார்? – ஒரு கேள்வியின் சட்ட வரலாறு

1894ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒவ்வொரு சிறையிலும் பேணப்பட வேண்டிய ஏடுகளைக் குறிப்பிடுகிறது. உள்ளே வந்த கைதிகளின் பதிவேடு, விடுதலை நாள்களைக் காட்டும் ஏடு, தண்டனைப் புத்தகம், கைதிகளிடமிருந்து எடுத்துவைத்த பணத்துக்கும் பொருளுக்குமான கணக்கு ஆகியவற்றோடு, பார்வையாளர் புத்தகம் ஒன்றும் அதில் உண்டு. மகனைக் காண வந்த தாயின் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். அப்படியன்று. சிறை நிர்வாகத்தைப் பார்வையிட வரும் அதிகாரிகளும் பிரமுகர்களும் தம் கருத்துகளை எழுதிச் செல்வதற்கான ஏடு அது.

உறவினர் இச்சட்டத்தில் தலைகாட்டுவது 40, 41ஆம் பிரிவுகளில். உரிமையியல் கைதிகளும் விசாரணைக் கைதிகளும் யாருடன் பேச விரும்புகிறார்களோ அவர்களை உரிய நேரத்தில், உரிய கட்டுப்பாடுகளுடன் உள்ளே விட ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 40ஆம் பிரிவு. இந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனித்தல் நலம். விரும்புபவர் கைதி, வெளியே நிற்பவரின் விருப்பம் சட்டத்தின் கண்ணில் படவேயில்லை. 41ஆம் பிரிவு, வருபவரிடம் பெயரும் முகவரியும் கேட்கவும், ஐயம் எழுந்தால் சோதனையிடவும் ஜெயிலருக்கு அதிகாரம் தருகிறது. வருபவர் ஜெயிலரிடம் என்ன கேட்கலாம் என்பது எங்கும் சொல்லப்படவில்லை. தண்டனைக் கைதிகளுக்கோ 40ஆம் பிரிவும் இல்லை. அவர்களுடைய சந்திப்புகள் மாகாண விதிகளுக்கு விடப்பட்டு, நன்னடத்தையைப் பொறுத்த சலுகையாகவே நெடுங்காலம் நீடித்தன.

கைதி எந்தச் சிறையில் இருக்கிறார் என்பது வருபவருக்கு ஏற்கெனவே தெரியும் என்ற அனுமானத்தின் மீதே இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. அரசியலமைப்பின் 22ஆம் கூறும் இதை மாற்றவில்லை. கைதுக்கான காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தப்படவும் அது உரிமை தந்தது. இவை அனைத்தும் கைதானவருக்கு உரியவை. வீட்டில் காத்திருப்பவருக்குச் செய்தி சொல்லும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை.

இந்த வெற்றிடத்தின் கொடுமையை நெருக்கடிநிலைக் காலம் அப்பட்டமாக்கியது. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவல்துறையினர் பிடித்துச் சென்றனர். தந்தை ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். கைதுச் செய்தியை அவருக்குத் தெரிவித்தது அரசு அன்று; கல்லூரி முதல்வர். அதன்பின் மாநிலத்தின் மத்தியச் சிறைகளுக்கும் காவல் முகாம்களுக்கும் அவர் அலைந்தார். அமைச்சரையும் அதிகாரிகளையும் கண்டார். மனுமேல் மனு அனுப்பினார். அந்த ஏப்ரலிலேயே ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் வழக்கின் தீர்ப்பு வந்து, நெருக்கடிநிலை நீடிக்கும் வரை ஆட்கொணர்வு மனுவின் கதவையும் அடைத்துவிட்டது. 1977 மார்ச்சில் நெருக்கடிநிலை விலக்கப்பட்ட பிறகே அவரால் கேரள உயர் நீதிமன்றத்தை அணுக முடிந்தது. ராஜனைக் கைது செய்யவேயில்லை என்றது அரசு. உடனிருந்தோரின் சாட்சியத்தை ஏற்ற நீதிமன்றம், அவர் காவலில் இருந்தார் என்று ஏப்ரல் 13 அன்று முடிவு கண்டு, அவரை முன்னிறுத்த ஆணையிட்டது. நெருக்கடிநிலைக் காலத்தில் உள்துறையைக் கையில் வைத்திருந்து, தேர்தலுக்குப்பின் முதலமைச்சராகியிருந்த கே. கருணாகரன் அம்மாத இறுதியில் பதவி விலகினார். ராஜன் கக்கயம் முகாமில் கொல்லப்பட்டிருந்தார். உடல் கிடைக்கவேயில்லை.

வழக்கமாக இவ்வழக்கு காவல் சித்திரவதையின் வரலாற்றில் வைத்துப் பேசப்படுகிறது. அது சரியே. ஆயினும், ஓராண்டுக்கும் மேலாக ஒரு தந்தை திரும்பத் திரும்பக் கேட்டது, மகன் எங்கே இருக்கிறான் என்ற ஒற்றைக் கேள்வியைத்தான். அதற்கு விடை சொல்லும் கடமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை என்பதே பொய்யை அவ்வளவு எளிதாக்கியது.

சந்திப்பின் பக்கம் மாற்றம் சற்று முன்னரே தொடங்கியது. 1979 டிசம்பரில் வந்த இரண்டாம் சுனில் பத்ரா தீர்ப்பில், குடும்பத்தார் வர இயலாத தொலைவுக்குக் கைதியை மாற்றுவதும் அவருடைய எஞ்சிய சுதந்திரத்தைப் பறிப்பதே என்ற கருத்தை நீதிபதி கிருஷ்ண ஐயர் முன்வைத்தார். 1981 ஜனவரியில் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கு முடிவுற்றது. திகார் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த இப்பெண்ணைச் சுமார் ஐந்து வயது மகளும் சகோதரியும் மாதம் ஒரு முறையே காண முடிந்தது. விசாரணைக் கைதிகளைப் போலவே வாரம் இரு முறையாவது சந்திப்பு தரவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சிறைச்சலுகையாக இருந்த சந்திப்பு, வாழ்வுரிமையின் பகுதியாயிற்று.

இருக்குமிடம் அறியும் உரிமைக்கு இன்னும் 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1994 ஜனவரியில் காசியாபாத் காவல்துறை விசாரணைக்கென அழைத்த ஜோகிந்தர் குமார் என்ற இளம் வழக்கறிஞர் வீடு திரும்பவில்லை. அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பது குடும்பத்துக்குத் தெரியாத நிலையில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கைதானவர் தாம் விரும்பும் ஒருவருக்குக் கைதையும் இருக்குமிடத்தையும் தெரிவிக்கச் செய்யலாம்; யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பது பதிவாக வேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரலில் தீர்ப்பு வகுத்தது. 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கு, வெளி மாவட்டத்து உறவினருக்கு 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் செய்தி சேர வேண்டும் என்றது. (2013இல் தந்திச் சேவை நின்றது, தீர்ப்பின் வரியில் தந்தி இன்றும் இருக்கிறது.) இவை 2006இல் நடைமுறைக்கு வந்த 50அ பிரிவின் வழியே குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் புகுந்தன, இன்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவாக உள்ளன.

எனினும் இவை கைதுக்கணத்தைப் பற்றியவை. நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்ட பின், கிளைச்சிறையிலிருந்து மாவட்டச் சிறைக்கும் அங்கிருந்து மத்தியச் சிறைக்கும் மாற்றப்படுபவரைக் குடும்பம் எப்படிப் பின்தொடர்வது? 2022 இறுதியில் நாட்டின் 1,330 சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். வழக்கு முடியாத இவர்களைத் தேடித்தான் பெரும்பாலான குடும்பங்கள் சிறைவாசலுக்கு வருகின்றன.

சந்திப்புக்கு வழங்கும் சொற்களும் நோக்கத்தக்கவை. சிறைக் கையேடுகள் அதை ‘இன்டர்வியூ’ என்கின்றன. வட இந்தியாவில் அது ‘முலாகாத்’. அரபியிலிருந்து பாரசீகம் வழி வந்த, எதிர்ப்படுதலைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டுச் சிறைவாசலில் ‘மனு பார்த்தல்’ என்பர். பார்க்கப்படுவது ஆள், சொல்லில் நிற்பதோ விண்ணப்பம்.

இன்று நடுவண் அரசின் இணையதளத்தில் ‘இ-முலாகாத்’ வழியே சந்திப்புக்கு விண்ணப்பிக்கலாம். கைதியின் பெயரைப் பதிவேட்டில் எழுதியவர் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாரோ, அதை வெளியூர் உறவினர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஒரே பெயர் வங்கத்தில் ஒருவிதமாகவும் பீகாரில் வேறுவிதமாகவும் ரோமன் எழுத்தில் அமையும். அதற்கும் முன், யாரைச் சந்திக்க வேண்டும் என்ற பகுதியில் அப்படிவம் மாநிலத்தையும் சிறையையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.